மோட்டாரால் முடியாதது தென்னைக்கு எப்படி முடிகிறது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கிணற்று மேட்டில் வைத்த மோட்டார், தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனால் எடுக்க மாட்டேன் என்கிறது. மூன்று எச்.பி.யைக் கழற்றிவிட்டு ஐந்து எச்.பி. மாட்டிப் பார்த்தேன், அதே கதைதான். ஆனால் கிணற்றோரம் நிற்கிற தென்னை கரண்டு இல்லாமல் 60 அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. இது எப்படி?"

முதல் பாதிக்கு ஊர் மெக்கானிக்கே பதில் வைத்திருப்பார். "அதுக்குக் கீழ இழுக்காதுங்க, மோட்டாரை உள்ள இறக்குங்க." சரியான பதில். ஆனால் இந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே கிணறு, ஒரே தண்ணீர். ஒன்றுக்கு முடியவில்லை, இன்னொன்று தினமும் செய்கிறது. "முடியாது" என்பதைக் கேட்டதும் நாம் பேச்சை முடித்துக்கொள்கிறோம். எது முடியாது, எவ்வளவுக்கு மேல் முடியாது, எந்த வழியில் முடியாது என்று குடைந்து கேட்டவர்களுக்கு அதே "முடியாது" பெரிய பெரிய கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது.

மோட்டார் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம், பள்ளியில் படித்ததுதான். மேலே இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. அது செய்வதெல்லாம் சக்சன் பைப்பில் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும். கிணற்று நீரின் பரப்பை வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. பைப்புக்குள் அழுத்தம் குறைந்ததும் அந்தக் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,01,300 நியூட்டன். அதே அழுத்தத்தைத் தரும் தண்ணீர்த் தூணின் உயரம் 10.3 மீட்டர், அதாவது 34 அடி. பைப்புக்குள் முழு வெற்றிடமே உண்டாக்கினாலும் காற்றால் அதற்கு மேல் தள்ள முடியாது. நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அழுத்தம் குறைந்ததும் ஆவியாகத் தொடங்கும், அதில் அரை மீட்டர் அளவுக்குப் போய்விடும். பைப்பின் உராய்வு, பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் தடை என்று இன்னும் கழித்தால் கையில் மிஞ்சுவது 20, 25 அடி. மெக்கானிக் சொன்ன கணக்கு.

இந்த 34 அடிக் கணக்கில் எச்.பி. எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குழாயின் அகலமும் வரவில்லை, மோட்டாரின் விலையும் வரவில்லை. வந்தவை மூன்றுதான்: காற்றின் அழுத்தம், தண்ணீரின் அடர்த்தி, புவியீர்ப்பு. ஒரு வரம்பு எதையெல்லாம் பொருட்படுத்தவில்லை என்று பார்த்தாலே, உள்ளே வேலை செய்வது எது என்று தெரிந்துவிடும். ஐந்து எச்.பி. மாட்டியும் மாற்றமில்லை என்றால், ஏற்றுகிற வேலை மோட்டாருடையது இல்லை என்று அர்த்தம். வாசகர் காசு செலவழித்துச் செய்தது ஒரு நல்ல பரிசோதனை!

இதே பரிசோதனையில்தான் ஐரோப்பாவும் முட்டிக்கொண்டது. "இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, அதனால்தான் தண்ணீர் ஓடிப்போய் இடத்தை நிரப்புகிறது" என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தவர்களின் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து மீட்டருக்கு மேல் பம்பு எடுக்கவில்லை என்று வேலைக்காரர்கள் சொன்னபோது அந்த விளக்கம் திருதிருவென்று விழித்தது. வெறுப்பு 34 அடியோடு தீர்ந்துபோகுமா? கலிலியோ 1638-இல் இதைப் பற்றி எழுதியபோது வேறொரு யோசனை சொன்னார். மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறு நீளமாகிக்கொண்டே போனால் தன் எடையைத் தானே தாங்காமல் அறுந்துவிடும் அல்லவா, அதுபோலத் தண்ணீர்த் தூணும் அறுந்துவிடுகிறது என்றார். அழகான யோசனை, ஆனால் பம்பைப் பொறுத்தவரை தவறு. அந்தக் கயிற்றை மட்டும் கொஞ்சம் நினைவில் வையுங்கள், தென்னையிடம் போகும்போது தேவைப்படும்.

சரியான விடை டாரிசெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானியிடமிருந்து வந்தது, 1640-களில். தண்ணீருக்குப் பதில் அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தால் தூண் 13.6 மடங்கு குட்டையாக, 76 செ.மீ.யில் நிற்க வேண்டும். நின்றது. தள்ளுவது காற்றுதான் என்றால், காற்று குறைவாக இருக்கும் மலைமேல் தூண் இன்னும் குட்டையாக வேண்டும். 1648 செப்டம்பரில் பாஸ்கல் தன் அக்காள் கணவரைப் பிரான்சின் புய்-தே-தோம் மலைக்கு ஏறவைத்தார். உச்சியில் பாதரசம் சுமார் எட்டு செ.மீ. இறங்கியிருந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பேருந்தில் ஏறியவர்களுக்கு இது புதிதில்லை. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பிக்கொண்டு வரும். அந்த 2,100 மீட்டர் உயரத்தில் 34 அடி வரம்பு 26 அடியாகச் சுருங்கிவிடும். கொடைக்கானலில் கிணற்று மேட்டில் மோட்டார் வைப்பவர் உசிலம்பட்டிக்காரரைவிடப் பாவம்.

வரம்பின் காரணம் தெரிந்ததும் அதைச் சுற்றிப் போகும் வழிகளும் தானே தெரிந்தன. கிணற்றுக்குள் திட்டுக் கட்டி மோட்டாரை இறக்குவது, ஜெட் பம்பு, போர்வெல்லில் காற்றைக் கீழே அனுப்பித் தண்ணீரைக் கிளப்பும் கம்ப்ரசர், தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சப்மெர்சிபிள். எதுவும் 34 அடியை மீறவில்லை. எல்லாமே மேலேயிருந்து உறிஞ்சுவதை விட்டுவிட்டுக் கீழேயிருந்து தள்ளுகின்றன. தள்ளுவதற்கு அந்த வரம்பு கிடையாது, அங்கே எச்.பி. நிச்சயம் பேசும். அந்தக் காலத்துக் கமலைக்கும் இந்தத் தொல்லை இல்லை, மாடு இழுத்தது தண்ணீர் மொண்ட தோல் வாளியை.

இனி தென்னை. எனக்குச் சொல்ல ஆசையான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

தென்னையின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கீழே இருக்கும் நீரை உறிஞ்சினால் 34 அடியைத் தாண்டாது என்பது நிச்சயம். ஆக, அது பம்பு செய்வதைச் செய்யவில்லை. வேறு என்ன? விலக்கிக்கொண்டே வருவோம்.

வேர் தள்ளுகிறதா? ஓரளவு தள்ளும். காலையில் புல் நுனியில் நிற்கும் துளிகளில் பல அப்படி வேர் தள்ளி வெளியே வந்த நீர்தான். ஆனால் அந்த அழுத்தம் சாதாரணமாக ஒன்றிரண்டு வளிமண்டலத்தைத் தாண்டாது (ஒரு வளிமண்டலம் என்பது 34 அடித் தண்ணீரைத் தாங்குகிற அந்தக் காற்றழுத்தம்). அதைவிட முக்கியம், மரம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் மத்தியான வெயிலில்தான் அது இல்லாமலே போகிறது. விலக்கு.

மெல்லிய குழாயில் தண்ணீர் தானே ஏறுமே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி? ஏறும். ஆனால் நீரைக் கொண்டுபோகும் சைலக் குழாயின் விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால், கணக்குப்படி ஒரு அடிதான் ஏறும். அதுவும் விலக்கு.

தண்டில் இருக்கும் உயிரணுக்கள் துடித்துத் துடித்துத் தள்ளுகின்றனவா? நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1920-களில் இப்படித்தான் வாதாடினார். செடிகளின் துடிப்பை அவர் அளந்த நுட்பம் இன்றும் வியக்க வைப்பது. ஆனால் அதற்கு முன்பே, 1890-களில், ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்களின் அடியை அறுத்து, நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்துவிட்டார். நஞ்சு ஏற ஏறத் தண்டின் உயிரணுக்கள் செத்தன. ஆனாலும் நீர் ஏறிக்கொண்டே இருந்தது, இலைகள் சாகும்வரை. ஆக, தண்டுக்கு உயிர் தேவையில்லை. இலைதான் வேண்டும்.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிஞ்சிய வழி நம்பவே சிரமமானது. 1894-இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் அதைச் சொன்னபோது பலர் நம்பவும் இல்லை. தண்ணீரை உண்மையாகவே இழுக்கலாம் என்றார்கள். கலிலியோவின் கயிறு!

இலைத்துளை வழியாக நீர் ஆவியாகிறது. இலைக்குள்ளே செல்சுவர்கள் நனைந்த நார்வலை. அந்த வலையின் கண்கள் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அகலம். ஒவ்வொரு கண்ணிலும் நீர்ப்பரப்பு உள்நோக்கி வளைகிறது. பரப்பு இழுவிசையால் அந்த வளைவு தன் பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. கண் எவ்வளவு சிறிதோ இழுவை அவ்வளவு பெரிது. இந்த அளவுக்குச் சிறிய கண்ணில் அது நூறு வளிமண்டலத்துக்கும் மேல் தாங்கும். சைலக் குழாய் தனியாக ஒரு அடிதான் ஏற்றும் என்றோமே, ஏற்றும் வேலை குழாயுடையதே அல்ல. மேலே இலைக்குள் இருக்கும் கண்கள் இழுக்கின்றன. குழாய் வெறும் பாதை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் இழுவை இலையிலிருந்து வேர்வரை, அங்கிருந்து மண்ணுக்குள் ஈரம்வரை போய்ச் சேர்கிறது. செலவாகும் ஆற்றல் வெயிலின் கணக்கு.

60 அடித் தென்னையின் உச்சியில் நீர்த்தூணின் எடைக்கே கிட்டத்தட்ட இரண்டு வளிமண்டலம் வேண்டும், குழாய் உராய்வுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு அவ்வளவு. காற்று கொடுப்பது ஒன்றுதான். மீதி? உச்சியில் நீரின் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் இரண்டு, மூன்று வளிமண்டலம். மண் காய்ந்தால் இன்னும் கீழே. காற்றுக்கு மைனஸ் அழுத்தம் கிடையாது, காற்றை இழுத்துப் பிடிக்க முடியாது. தண்ணீரை முடியும்.

அப்படியானால் பம்பின் பைப்பில் ஏன் முடியவில்லை? தண்ணீர் அறுவதற்கு முதலில் உள்ளே ஒரு குமிழி பிறக்க வேண்டும். மிகச்சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். ஓர் அளவைத் தாண்டிப் பிறந்த குமிழிதான் பிழைத்து வளரும். பம்பின் பைப்பில் கரைந்த காற்று, துரு, சொரசொரப்பு, வால்வின் கசிவு என்று குமிழிக்குப் பிறப்பிடங்கள் நிறைய. ஆகவே அழுத்தம் ஆவியாகும் அளவைத் தொட்டதுமே அங்கே தண்ணீர் கொதித்து அறுந்துவிடுகிறது. "ஏர் பிடிச்சிருச்சு" என்கிறோமே, அதேதான். சைலத்தில் ஓடும் நீரோ வேரிலேயே வடிகட்டப்பட்டது. குழாய்களும் ஒரே நீளமாக இல்லாமல் துண்டு துண்டாக, நடுவே நுண்ணிய சவ்வுகளோடு இருக்கின்றன. ஒரு துண்டில் குமிழி வந்தால் அந்தத் துண்டோடு நின்றுவிடும்.

இது வெறும் கதை இல்லை. 1850-இலேயே பெர்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்ணாடிக் குழாயில் நீரை அடைத்து, சூடாக்கி, ஆறவைத்து, சுமார் 50 வளிமண்டல இழுவையை அது தாங்குவதைக் காட்டியிருந்தார். மரத்தில் அளந்தவர் ஷோலாண்டர், 1965-இல். ஒரு குச்சியை வெட்டினால், இழுபட்டிருந்த நீர் வெட்டுவாயிலிருந்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். இலைகளை ஒரு இரும்புப் பாத்திரத்தில் அடைத்து, வெட்டுவாய் மட்டும் வெளியே நீட்ட, வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீர் மறுபடி எட்டிப் பார்க்கும். அந்த அழுத்தம்தான் இழுவையின் அளவு. உயரமான மரங்களின் உச்சிக் குச்சி வேண்டுமே? துப்பாக்கியால் சுட்டு விழ வைத்தார்கள். அடுத்த வருடம், 1966-இல், மில்பர்னும் ஜான்சனும் வாடும் ஆமணக்கு இலையில் அதிர்வுக் கருவியை ஒட்டிவைத்துக் கேட்டார்கள்: டிக், டிக் என்று சத்தம். ஒவ்வொரு டிக்கும் சைலத்தில் ஒரு நீர்த்தூண் அறுந்த சத்தம். சித்திரை வெயிலில் நம் ஆமணக்குக் கொல்லைகளும் இப்படிச் சொடுக்கிக்கொண்டுதான் நிற்கும், நம் காதுக்கு எட்டுவதில்லை.

(ஒரு இடைச்செருகல்: பனம்பாளையைச் சீவினால் பதநீர் வடிகிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சைலம் இல்லை, ஃபுளோயம். இலையில் செய்த சர்க்கரை அழுத்தத்தோடு தள்ளப்பட்டு ஓடும் வேறு பாதை. அதைச் சீவினால் வெளியே கொட்டும். சைலத்தை வெட்டினால் அது காற்றை உள்ளே இழுக்கும்.)

ஆக 34 அடி பொய்யாகவில்லை. அது "காற்று தள்ளும் வழியில்" என்ற நிபந்தனையோடு வந்த முடியாமை. அந்த நிபந்தனையை ஒழுங்காக எழுதிவைத்ததால்தான் தென்னையைப் பார்த்ததும் "இங்கே வேறு வழி இருக்கிறது" என்று சந்தேகப்பட முடிந்தது. மரத்துக்கும் வரம்பு உண்டு. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களை உச்சிவரை ஏறி அளந்தவர்கள் 2004-இல் கணக்குப் போட்டது, 122 முதல் 130 மீட்டருக்கு மேல் ஒரு மரம் வளர முடியாது என்று. இன்று தெரிந்த மிக உயரமான மரம் 116 மீட்டர்.

நிபந்தனையே இல்லாத முடியாமைகள் வேறு ரகம். ஒன்றும் போடாமல் ஆற்றல் எடுப்பது அந்த ரகம். எந்த வழியில் போனாலும் நடக்காது. இதை வெறும் தடையாகப் பார்க்காமல் கருவியாகவே பிடித்துக்கொண்டவர் ஸ்டெவின் என்ற ஃபிளெமிஷ் கணிதவியலாளர். 1586-இல் அவர் ஒரு முக்கோணக் கட்டையின்மேல் மணிச் சங்கிலி ஒன்றை வளையமாகப் போட்டார், மனதில்தான். கட்டையின் ஒரு சரிவு இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு நீளம். அந்தப் பக்கம் மணிகள் அதிகம், சங்கிலி அந்தப் பக்கம் நழுவுமா? நழுவினால் அடுத்த மணி அந்த இடத்துக்கு வரும், நிலைமை மாறாது, ஆகவே என்றென்றும் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நடக்காது. எனவே நழுவாது. கீழே தொங்கும் பகுதி இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அதை வெட்டிவிடலாம். மிஞ்சுவது: நீளச் சரிவின் இரண்டு மணியைக் குட்டைச் சரிவின் ஒரு மணி தாங்குகிறது. சாய்தளத்தின் விதி கையில்! ஒரு தராசும் இல்லை, ஒரு அளவும் இல்லை. 1824-இல் கார்னோ நீராவி எந்திரத்தின் உச்ச வரம்பைக் கண்டதும் இதே மாதிரி வாதத்தில்தான். இப்போது ஆக்ஸ்போர்டின் டேவிட் டாய்ச் போன்றவர்கள் இயற்பியல் விதிகள் அனைத்தையுமே "எந்த மாற்றம் நடக்கும், எது நடக்காது, ஏன்" என்று எழுதிவிடலாம் என்கிறார்கள். முழுதாகக் கைகூடுமா என்பது வேறு, ஆனால் திசை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாரிஸ் அறிவியல் கழகம் 1775-இலேயே தீர்மானம் போட்டுவிட்டது: நிற்காமல் ஓடும் எந்திரம் என்று எவர் கொண்டுவந்தாலும் பரிசீலிக்க மாட்டோம் என்று. நாம் 1996-இலும் பரிசீலித்துக்கொண்டிருந்தோம். ராஜபாளையம் பக்கத்திலிருந்து, இலையையும் தண்ணீரையும் கொதிக்கவைத்துச் செய்ததாகச் சொன்ன "மூலிகை பெட்ரோல்" கிளம்பியபோது பேச்சு அரசு வரை போனது. சோதனைச் சாலைக்குப் போகுமுன் ஒரு தாளில் கணக்குப் போட்டிருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் 34 மெகாஜூல் பக்கம். காய்ந்த இலை ஒரு கிலோவில் 17 பக்கம். தண்ணீரோ ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதில் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு துளி வீணாகாமல் செய்தாலும் லிட்டருக்கு இரண்டு கிலோ காய்ந்த இலை வேண்டும். கைப்பிடி இலையையும் ஒரு பானைத் தண்ணீரையும் கொதிக்கவிட்டு வராது, யார் கிளறினாலும் வராது. இன்றைக்கும் "இலவச மின்சார மோட்டார்" வீடியோக்கள் தமிழில் லட்சக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. கண்டுபிடித்தவரை அரசு கண்டுகொள்ளவில்லை என்று கீழே அழுகை. கண்டுகொள்ளாததுதான் அரசு செய்த நல்ல காரியம்.

நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்கும், வேப்பங்கவை கீழே வளையும், அங்கே போர் போடச் சொல்வார்கள். தண்ணீர் வந்தால் அவர் கைராசி. வராவிட்டால் ஓட்டம் விலகிவிட்டது, அல்லது ராசி சரியில்லை. என் மனத்தாங்கல் அது பலிக்காது என்பதில்கூட இல்லை. எது நடந்தால் இது தவறு என்று அவர்களால் சொல்ல முடியாது என்பதில்தான். 34 அடிக்காரர் துணிந்து ஒரு எண்ணைச் சொல்கிறார், 35 அடியில் எடுத்துக்காட்டினால் அவர் தோற்றார். மதுரையைச் சுற்றிக் கீழே கிடப்பது கடினப் பாறை. நீர் இருப்பது அதன் மேலடுக்கின் சிதைவிலும் வெடிப்புகளிலும். கொஞ்சமாவது நீர் பல இடங்களில் கிடைக்கும் என்பதால் தேங்காயின் தோல்வி வெளியே தெரிவதில்லை. ஜெர்மனியில் 1987-88-இல் ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நின்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக வந்ததென்று அந்தப் புள்ளிவிவரத்தை மறுபடி அலசியவர்களால் காண முடியவில்லை.

தென்னையிடம் இன்னும் ஒரு புதிர் பாக்கி இருக்கிறது. வேம்பும் புளியும் ஆண்டுதோறும் புதுக் கட்டை போடும். பழைய சைலம் குமிழியால் அடைபட்டால் புதியது வந்துவிடும். தென்னையும் பனையும் அப்படித் தடிப்பதில்லை. தண்டில் ஒருமுறை உண்டான குழாய்கள்தான் மரத்தின் ஆயுள் முழுக்க, பல பத்தாண்டுகள், எத்தனை கோடை வந்தாலும் ஓட வேண்டும். அறுந்த தூண்களை அது எப்படி மறுபடி நிரப்புகிறது, இழுவை இருக்கும்போதே நிரப்ப முடியுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. முடியாது என்று ஒரு கட்சி, முடிகிறது என்று ஒரு கட்சி. பெரிய முடுக்கி எந்திரமோ செயற்கைக்கோளோ இதற்கு வேண்டாம். ஒரு அழுத்தக் கலன், நாலைந்து ஒலி உணர்விகள், ஏறத் தெரிந்த ஒரு ஆள். ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, சோழவந்தானில் தோப்பு இருக்கிறது. மாணவர் ஒருவர் சித்திரை முழுக்க அந்தத் தோப்பில் உட்கார்ந்து மரம் சொடுக்குவதை இரவும் பகலும் பதிவு செய்ய ஒரு சிறிய உதவித்தொகை கொடுத்தால் போதும், சண்டையில் தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு கட்சி சேரும்.